பின் சீட்டில் பெட்ரோல் வாடை

காலையில் பட்டியல் வந்தது. ஆளுக்கு நூற்றிருபது பெயர். எல்லோரையும் போனில் கூப்பிட்டு, உங்கள் காரைக் கொண்டுவந்து விடுங்கள், எரிபொருள் குழாயில் ஓர் இணைப்பை மாற்றித் தருகிறோம் என்று சொல்ல வேண்டும். 'பழுது' என்ற சொல் வரக்கூடாது. 'தீ' என்ற சொல் வரவே கூடாது. 'முன்னெச்சரிக்கை' என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். என் பட்டியலில் முப்பத்தேழாவது வரியில் என் அண்ணனின் பெயர் இருந்தது. அண்ணன் அந்தக் காரிலேயே எரிந்துபோய் ஏழு மாதம் ஆகிறது.

பார்த்ததும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சு அடைக்கவில்லை, கண் இருட்டவில்லை. முப்பத்தாறுக்குக் கீழே முப்பத்தேழு என்று பார்த்துவிட்டு டீ எடுக்கப் போனேன். ஏழு மாதமாக இப்படித்தான் இருக்கிறேன். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அப்படி. கிள்ளினால் கிள்ளியது தெரியும், வலிக்காது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கார் கம்பெனியில் புகார்ப் பிரிவு, பதினோரு வருடம். எஞ்சின் இழுக்கவில்லை, சிக்னலில் அணைந்துவிடுகிறது, பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கிறது, மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிற்று. நாங்கள் செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, வாடிக்கையாளர் சொன்னதைச் சொன்னபடியே தட்டச்சு செய்வது. நம் சரக்கைச் சேர்க்கக் கூடாது. திட்டினால் திட்டையும் சேர்த்தே அடிக்க வேண்டும். "இது காரா, இல்ல என் மாமியாரா? காலையில கிளம்புறதுக்குள்ள இந்த முக்கு முக்குது" என்று ஒருவர் கத்தினார். அப்படியே பதிந்தேன். இன்னும் கணினியில் இருக்கிறது.

இரண்டாவது, அந்தப் புகார் எந்தப் பெட்டியில் போக வேண்டும் என்று முடிவு செய்வது. எஞ்சின் ஒரு பெட்டி, பிரேக் ஒரு பெட்டி, இப்படி. ஒரே பெட்டியில் ஒரு மாதத்தில் இருபத்தைந்து சேர்ந்தால்தான் மேல்மாடி இன்ஜினியர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இருபத்துநாலு என்றால் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்காது.

வாசனைக்கு இரண்டு பெட்டி. எரிபொருள் வாசனை ஒன்று. உள்வாசனை இன்னொன்று, ஈர மிதியடி, செத்த எலி, கொட்டிய பால் எல்லாம் அதில் அடக்கம். எரிபொருள் என்று போட்டால் நாலு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். உள்வாசனைக்கு ஒரே சொடுக்கு. "பெட்ரோல் மாதிரி ஏதோ வாடை..." என்று இழுக்கிறவர்களை நாங்கள் உள்வாசனையில் தள்ளிவிடுவோம். நான் மட்டுமில்லை, எல்லோரும்தான். எல்லோரும் என்று சொல்லி நான் நழுவப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நழுவி எங்கே போவது?

அண்ணன் அந்தக் காரை வாங்கியதே என் பேச்சைக் கேட்டுத்தான். "எங்க கம்பெனி வண்டிண்ணா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்றேன். வாங்கினான். நாலாவது மாதம், பதினாலாம் தேதி, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் என் கைப்பேசியில் கூப்பிட்டான்.

"பின் சீட்ல பெட்ரோல் வாடை அடிக்குது பாப்பா. டேங்க் ஃபுல் பண்ணா ரெண்டு நாளைக்குப் போகவே மாட்டேங்குது."

நாற்பது வயதிலும் அவனுக்கு நான் பாப்பாதான்.

"புது வண்டின்னா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். கண்ணாடியை இறக்கி விட்டுட்டு ஓட்டு" என்றேன். வாடை என்று கூப்பிடுகிற எல்லோரிடமும் சொல்கிற வசனம், அதுவாகவே வாயில் வந்தது. பிறகுதான், "அண்ணிகிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"அவகிட்டயா? வண்டியை வித்துடுன்னு உயிரை எடுத்துருவா. நீயும் சொல்லிடாதே."

"புகார் நம்பர் போடவா?"

"வேணாம் வேணாம். சொந்த அண்ணனே புகார் குடுத்தான்னு உனக்குத்தான் கெட்ட பேரு."

அதுவும் உண்மை. வீட்டு ஆட்களின் காருக்கு எண் போட்டால் எங்கள் பிரிவில் கேலிதான். 'குடும்பப் பாட்டு ஆரம்பிச்சாச்சு' என்பார்கள். சரிண்ணா என்று போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்த மாதம் எரிபொருள் வாசனைப் பெட்டியில் இருபத்திரண்டு இருந்தன. உள்வாசனையில் நான் தள்ளிவிட்டவை நாலு. அண்ணனோடு இருபத்தேழு. பின்னால் உட்கார்ந்து எண்ணினேன், எப்படி எண்ணினாலும் இருபத்தேழுதான் வருகிறது.

பத்தொன்பது நாள் கழித்து, டேங்கை நிரப்பிக்கொண்டு வேலைக்குப் போகிற வழியில், மேம்பாலத்தில் ஏறும்போது கார் தீப்பிடித்தது. பின்னால் வந்தவர்கள் கதவை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். வரவில்லை.

இரண்டு வாரத்தில் கம்பெனியிலிருந்து அண்ணிக்குக் கடிதம் போயிற்று. 'இவ்வாகனம் குறித்து முன்புகார் எதுவும் இல்லை. ஓட்டுநர் இருக்கை அருகே சிகரெட் லைட்டர் ஒன்று கண்டெடுக்கப்பட்டது.' புகை பிடித்தான் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. எழுதாமலே சொல்வதில் எங்கள் ஆட்கள் கில்லாடிகள்.

மகள் பிறந்த அன்று சிகரெட்டை விட்டவன் அண்ணன். லைட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று அண்ணியிடம் சொன்னவன். கடிதம் வந்த அன்றே அண்ணி அழுவதை நிறுத்திவிட்டாள். சுவரில் இருந்த அவன் படத்தைக் கழற்றி அலமாரியில் பழைய போர்வைகளுக்கு அடியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அங்கே போவேன். அண்ணி சமையல் மேடையில் காய் நறுக்கிக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"பொய்யன். ஒன்பது வருஷமா என்னை ஏமாத்தியிருக்கான். ஒரு சிகரெட்டை இழுக்கறதுக்காக எங்க ரெண்டு பேரையும் அநாதையா விட்டுட்டுப் போயிட்டான்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருப்பேன். லைட்டர் ஏன் காரில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. பெட்ரோல் வாடை தெரியும். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் கிளம்புவேன். பட்டாணி உரித்து முடித்ததும் திரும்பி வந்துவிடுவேன். பயம்தான், வேறென்ன? அந்த வீட்டை விட்டால் எனக்குப் போக வேறு வீடு கிடையாது.

இப்போது பட்டியல். பத்து மணிக்கு ஆரம்பித்தேன். ஒருவர், "முன்னெச்சரிக்கைன்னா எதுக்கு முன்னாடி?" என்று கேட்டார். ஒரு பாட்டு டீச்சர், "வெடிக்குமா வெடிக்காதா, அதை மட்டும் சொல்லும்மா, எனக்குக் கிளாஸ் இருக்கு" என்றார். இன்னொருவர் காரை விற்று ஒரு வருடம் ஆயிற்றாம், வாங்கியவன் நாசமாய்ப் போகட்டும் என்றார். எல்லாவற்றையும் சொன்னபடியே பதிந்தேன்.

முப்பத்தாறு முடிந்ததும் மேற்பார்வையாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். குரல் எழும்பவே எழும்பாது, அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பஞ்சு.

"அடுத்ததை நான் பார்த்துக்கறேம்மா. வாகனம் பயன்பாட்டில் இல்லைன்னு ஒரு டிக் போட்டா முடிஞ்சது."

"ஒவ்வொரு வரிக்கும் பேச்சுப் பதிவு இருக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"உனக்காகத்தான் சொல்றேன்."

எனக்காகத்தான் சொன்னார். நல்ல மனிதர், அதனால்தான் எரிச்சலாக வந்தது. ஏன் போன் செய்தாய் என்று யாராவது கேட்டால் என்னிடம் பெரிய பதில் இல்லை. முப்பத்தாறுக்கு அடுத்தது முப்பத்தேழு. அவ்வளவுதான் என்னிடம் இருந்த தைரியம்.

அண்ணனின் எண் அணைந்திருந்தது. அதற்குக் கீழே இரண்டாவதாகக் கொடுத்திருந்தது அண்ணியின் எண்.

"வணக்கம். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது."

"யாரு... நீயா? என்ன இது, வேற நம்பர்ல இருந்து?" பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஆபீஸ்ல இருந்துதான் அண்ணி. இதைப் படிக்கணும், கேளுங்க." தாளில் இருந்ததைப் படித்தேன். "உங்கள் வாகனத்தின் எரிபொருள் குழாய் இணைப்பில் கசிவு ஏற்பட வாய்ப்பு இருப்பதால், முன்னெச்சரிக்கையாக..."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"எங்க கார்லயா?"

"ஆமா."

"கசிஞ்சா என்ன ஆகும்?"

இதற்குத் தாளில் மூன்று பதில் இருந்தன. தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"தீப்பிடிக்கும் அண்ணி. அதுக்கு சிகரெட் எதுவும் வேண்டாம், எஞ்சின் சூடே போதும்."

பஞ்சு என் தோளைத் தொட்டார். நான் திரும்பவில்லை.

"அவருக்கு இது தெரியுமா?"

"வாடை வருதுன்னு தெரியும். அதுக்கு முந்தின மாசம் பதினாலாம் தேதி எனக்கு போன் பண்ணிச் சொன்னான்."

"நீ என்ன பண்ணே?"

"கண்ணாடியை இறக்கி விட்டுட்டு ஓட்டுன்னு சொன்னேன். புகார் நம்பர் போடல."

"முன்புகார் எதுவும் இல்லைன்னு லெட்டர்ல..."

"நான் பதியல. அதனாலதான் இல்ல."

"இது ரெக்கார்டு ஆகுதுன்னு சொன்னியே?"

"ஆகிட்டுதான் இருக்கு."

"அப்ப இன்னொரு தடவை சொல்லு. தெளிவாச் சொல்லு."

சொன்னேன். என் பெயர், அண்ணன் பெயர், கார் எண், தேதி, நேரம், அவன் சொன்னது, நான் சொன்னது. என் குரல் எனக்கே யாரோ முகவரி சொல்வதுபோல் கேட்டது.

"ஏழு மாசம்," என்றாள் அண்ணி. "செத்த மனுஷனை நான் வாயில வந்தபடி திட்டினேன். நீ பக்கத்துல உக்காந்து பட்டாணி உரிச்சே."

"ஆமா அண்ணி."

"எப்படிடி உனக்கு மனசு வந்துச்சு?"

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக, பதினோரு வருடப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. "வேறு ஏதாவது உதவி தேவைப்படுதா?" என்று கேட்டேன். அவளிடம், அந்த நேரத்தில், அந்தக் கேள்வியை.

அண்ணி கத்தவில்லை. "அவர் படத்தை எடுத்து மாட்டணும்," என்றாள். "நானே மாட்டிக்கறேன். நீ இனிமே ஞாயித்துக்கிழமை வராதே."

வைத்துவிட்டாள்.

புதுப் புகார் ஒன்றைத் திறந்தேன். தேதியில் பதினாலு போட்டேன். பெட்டி, எரிபொருள் வாசனை. நாலு பக்கப் படிவத்தையும் ஒரு கட்டம் விடாமல் நிரப்பினேன். கடைசியில் வாடிக்கையாளர் கூற்று என்ற கட்டத்தில், 'பின் சீட்ல பெட்ரோல் வாடை அடிக்குது பாப்பா' என்று அடித்தேன்.

பஞ்சு குனிந்து திரையைப் படித்தார். இதை அனுப்பினால் என் வேலை என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தடுக்கவில்லை. "அந்தப் பாப்பாவையாவது எடுத்துடும்மா," என்றார்.

"சொன்னதைச் சொன்னபடியே எழுதணும் சார்," என்று சொல்லிவிட்டு அனுப்பினேன்.