போஸன் ஊர்ப் பழைய பாட்டு

என் கணவர் லோதார் கோர்னிட்சரை யூத இசையமைப்பாளர் ஆக்கியவர்கள் யூதர்களை வெறுத்தவர்கள்தான். அதற்கு முன்பு அவர் வெறும் இசையமைப்பாளர். பெர்லினில் ஓர் இசைப் பள்ளியில் சேர்ந்திசை சொல்லிக்கொடுத்தார். கோடையில் ஆற்றில் படகு விட்டார். டிசம்பர் வந்தால் எங்கள் வீட்டிலும் கிறிஸ்துமஸ் மரம் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவோம். யூத ஜெபங்கள் எழுதப்பட்ட எபிரேய எழுத்தில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் எழுதிய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று நாடு முழுக்கப் பரவியிருந்தது. அந்தப் பெருமையில்தான் அவருக்கு வேலை நிரந்தரமானது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம் வசந்த காலத்தில், யூதர்களுக்கு வேலை கூடாது என்று சட்டம் வந்தபோது, அந்த வேலை போயிற்று. பள்ளிக்கூடத்து வாசற்காவலர் இவரைப் பார்த்து, "இனிமே வராதீங்க ஐயா. உங்களத் தடுத்து நிறுத்தறதுக்கு எனக்கே சங்கடமா இருக்கு" என்றாராம். லோதார் அவருக்குக் கைகொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு மாதா கோயிலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். உள்ளே பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். புதிதாக அச்சடித்த பாட்டுப் புத்தகத்தில் லோதாரின் பெயரை எடுத்துவிட்டு 'நாட்டுப் பாடல்' என்று போட்டிருந்தார்கள் என்பது எங்களுக்கு ஏற்கனவே தெரியும். லோதார் நின்று கடைசி வரி வரைக்கும் கேட்டார்.

"கேட்டியா தெக்லா? நான் செத்து முந்நூறு வருஷம் ஆயிடுச்சாம்" என்றார்.

மேடையும் வேலையும் இழந்த யூதக் கலைஞர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பாடுகிறவர்களும் யூதர்கள், கேட்கிறவர்களும் யூதர்கள், மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. நான் அதில் தாழ்ந்த குரலில் பாடும் பெண்களின் வரிசையில் இருந்தேன். நிகழ்ச்சிகளைக் கவனித்துக்கொண்டவர் ஓலெண்டார்ஃப். முன்னாள் வக்கீல், பருத்த ஆள், எந்நேரமும் வாயில் இருமல் மிட்டாய். என்ன பாடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே அரசு அலுவலகத்துக்கு அனுப்பி அனுமதி வாங்குவது அவர் பொறுப்பு. லோதார் நான்கு வாத்தியங்களுக்கு எழுதிய ஓர் இசை அங்கிருந்து திரும்பி வந்தது. 'யூதத் தன்மை இல்லை' என்று காரணம் சொல்லியிருந்தார்கள்.

"அவங்களுக்கு என்னதான் வேணுமாம்?" என்று லோதார் கேட்டார்.

"யூத இசை வேணுமாம்."

"நான் யூதன்னு சொல்லித்தானே வேலைய விட்டுத் துரத்துனாங்க. அப்ப நான் எழுதறதெல்லாம் யூத இசைதானே?"

"இதை நீயே நேர்ல போய் அவங்ககிட்ட சொல்லு. நீ திரும்பி வராட்டி தெக்லாவுக்கு நான் ஆறுதல் சொல்லிக்கறேன்." ஓலெண்டார்ஃப் மிட்டாயைக் கன்னத்தின் மறுபக்கம் தள்ளினார். "பழைய பாட்டு ஏதாவது ஒண்ணப் புடிச்சு நாலு குரலுக்கு எழுதிக் குடுப்பா. பழசுன்னா கேள்வி கேக்க மாட்டாங்க."

"எனக்கு எந்தப் பழைய பாட்டு தெரியும்? எங்க வீட்ல கேட்டதெல்லாம் ஆப்பெரா."

ஒரு வாரம் கழித்து நான் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். லோதார் ஜன்னலோரம் நின்று ஏதோ முனகிக்கொண்டிருந்தார். வார்த்தை இல்லாத பாட்டு. மேலே போகப் பார்த்து, போக முடியாமல் கொஞ்சம் இறங்கி, மறுபடி அதே படியில் வந்து நிற்கும். கத்தியை வைத்துவிட்டு, "என்ன அது?" என்றேன்.

"கிழக்கே போஸன் ஊர்லேர்ந்து வந்த பழைய பாட்டு."

"உங்க வீட்ல போஸன்காரங்க யாரு?"

"ஒருத்தரும் இல்ல. ஆனா பெர்லின் யூதர்கள்ல பாதிப் பேருக்குத் தாத்தா போஸன்காரர்தான். எவன் எந்திரிச்சு இல்லேன்னு சொல்லப்போறான்?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்த வருஷம் முழுக்க நாங்கள் அப்படிச் சிரித்த நாட்கள் அதிகம் இல்லை.

அனுமதி உடனே வந்தது. நிகழ்ச்சித் தாளில் 'போஸன் ஊர்ப் பழைய பாட்டு, சேர்ந்திசையாக அமைத்தவர் கோர்னிட்சர்' என்று அச்சிட்டார்கள். முதலில் நான் தனியாகப் பாடினேன். பிறகு ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். அடிக்குரலில் புரூனோ ஸாடெக் நின்றான். பகலில் நாற்காலி மேசை விற்கிறவன், வாயாடி, லோதாரை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவான். பாட்டு முடிந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், பலர் கைக்குட்டையை எடுத்திருந்தார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு ஒரு முதியவர் மேடையருகே வந்து லோதாரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா வெள்ளிக்கிழம சாயந்திரம் இதத்தான் பாடுவாரு. ரோகாஸன்ல. போஸன் பக்கத்துலதான். அவரு போனப்புறம் இன்னிக்குத்தான் கேக்கறேன்."

லோதார் என்னைப் பார்த்தார்.

"ஆனா தம்பி, ஒரு எடத்துல தப்பா எழுதிட்டீங்க" என்று முதியவர் அந்த இடத்தைப் பாடிக் காட்டினார். ஒரே ஒரு சுரம்தான் வித்தியாசம். "இப்படித்தான் வரணும். எங்கப்பா இப்படித்தான் பாடுவாரு."

"மன்னிச்சிடுங்க. மாத்திடறேன்" என்றார் லோதார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பாதித் தெருவரை சிரித்துக்கொண்டே வந்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அவர் சொன்ன சுரம்தான் சரி. என்னோடதவிட நல்லா இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மறுநாளே ஓலெண்டார்ஃபிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த அறையில் நானும் இருந்தேன்.

"அது பழைய பாட்டு இல்ல. நானா கட்டினது. அடுத்த தடவை எம் பேரப் போட்டுடுங்க. அழுதவங்கள ஏமாத்தற மாதிரி இருக்கு."

ஓலெண்டார்ஃப் எழுந்து கதவைச் சாத்தினார். "நீ அழுதவங்கள மட்டும் ஏமாத்தல. அலுவலகத்தையும் ஏமாத்தியிருக்க. பொய் சொல்லி அனுமதி வாங்கினோம்னு தெரிஞ்சா நாளைக்கே நம்மள இழுத்து மூடுவாங்க. நூத்துக்கணக்கான குடும்பம் இத நம்பிச் சாப்பிடுது. அது போஸன் பாட்டு. நீ சாகற வரைக்கும் அது போஸன் பாட்டு. புரியுதா?"

லோதாருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

பாட்டு எங்களைக் கேட்காமலே ஊரைச் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் கச்சேரிக்கு வந்தவர்கள் அதை ஜெப ஆலயங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதற்கு ஜெப வார்த்தைகளைப் பொருத்திக்கொண்டார்கள். ஒரு யூதப் பத்திரிகையில் யாரோ அது எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஆராய்ந்து எழுதியிருந்தார். லோதார் அதைப் படித்துவிட்டு, "எனக்கே தெரியாத விஷயமெல்லாம் இவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் எழுதியதெல்லாம் சொந்தப் பெயரில் வந்தது. எபிரேயம் படித்தார், வேதத்தில் உள்ள சங்கீதம் என்னும் துதிப் பாடல்களுக்கு இசை அமைத்தார். கேட்டவர்கள் மரியாதையாகக் கைதட்டினார்கள். யாரும் அழவில்லை.

முப்பத்து எட்டு நவம்பரில் ஜெப ஆலயங்களைக் கொளுத்திய பிறகு ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். லோதாரும் போனார், புரூனோவும் போனான். ஊருக்கு வடக்கே இருந்த சிறை முகாமில் வைத்திருந்தார்கள். பனிக்காலம் பாதி கடந்த பிறகு புரூனோ வந்தான், அப்புறம் லோதார் திரும்பி வந்தார். தலையை மொட்டை அடித்திருந்தார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் குளிரில் கறுத்துப்போய், பிறகு மடங்கவே இல்லை. பியானோ அதோடு முடிந்தது.

முகாமைப் பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான்.

"மணிக்கணக்கா நிக்க வெப்பாங்க. பேசக் கூடாது, அசையக் கூடாது. ஒரு நாள் எனக்குப் பின்னாடி எவனோ வாயத் தொறக்காம முனக ஆரம்பிச்சான். அந்தப் பாட்டு, தெக்லா. அப்புறம் பக்கத்துல இருந்தவன். கொஞ்ச நேரத்துல வரிசை பூரா முனகுது, யாரு முனகறான்னே தெரியல."

"நீயும் முனகினியா?"

"இல்ல. கடைசி வரைக்கும் கேட்டேன்" என்றார்.

என் சித்தி மகள் மூலமாக இங்கிலாந்தில் வீட்டுவேலைக்கு எனக்கு அனுமதி கிடைத்தது. வேலைக்காரியின் கணவனுக்கு அனுமதி வாங்கத் தனியாக அலைய வேண்டும். அலைந்தால் கிடைத்திருக்கும், அப்போது இன்னும் நேரம் இருந்தது. ஆனால் லோதார் ஒவ்வொரு வாரமும் ஏதாவது சாக்குச் சொன்னார். ஒரு நாள் நான் கத்திவிட்டேன்.

"சாகறதுக்கா இங்க உக்காந்திருக்க? இந்த ஊர்ல உனக்கு இன்னும் என்ன இருக்கு?"

"இருபது பேர் இருக்காங்க பாடறதுக்கு. நான் போயிட்டா அவங்களுக்கு யாரு இருக்கா?"

"உனக்கு இந்த ஜனங்களப் பத்தி அஞ்சு வருஷம் முன்னாடி என்ன தெரியும்? ஒரு ஜெபம் உருப்படியா சொல்லத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுதான்" என்றார். "அதனாலதான் போக முடியல. மத்தவங்க பொறந்ததுலேர்ந்து இருக்காங்க. நான் இப்பத்தானே வந்து சேந்தேன்."

அந்தப் பேச்சு எனக்கு அன்று பிடிபடவில்லை, கோபம்தான் வந்தது. ஜூலையில் நான் ரயிலேறினேன். செப்டம்பரில் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். செப்டம்பரில் யுத்தம் வந்தது.

லீட்ஸ் நகரத்தில் ஒரு பல் மருத்துவர் வீட்டில் தரை துடைத்தேன், அடுப்புச் சாம்பல் அள்ளினேன். சில காலம் செஞ்சிலுவை மூலமாக இரண்டு வரிச் செய்தி வரும். நலம், வேலை இருக்கிறது என்பார். நாற்பத்து இரண்டில் அதுவும் நின்றது.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. யூதர்கள் உபவாசம் இருக்கும் பாவநிவாரண நாளுக்கு முந்தின சாயங்காலம், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, நானாக ஒரு ஜெப ஆலயத்துக்குப் போனேன். மாடியில் பெண்களோடு உட்கார்ந்தேன். புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று பக்கத்துப் பெண்தான் புரட்டிக் காட்டினாள். கீழே அந்த ஆலயத்தில் ஜெபம் பாடும் கெம்ப்னர் ஆரம்பித்தார். ரோகாஸன் முதியவர் திருத்திய அந்தச் சுரத்தோடு, சபை முழுக்கச் சேர்ந்துகொள்ள, எங்கள் சமையலறைப் பாட்டு மேலே ஏறி வந்தது.

முடிந்ததும் கீழே போய்க் கெம்ப்னர் வெளியே வரும்வரை காத்திருந்தேன். வெள்ளைத் தாடி, களைத்த முகம்.

"அந்தப் பாட்ட எங்க கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"அது போஸன் பாட்டும்மா. எங்க குடும்பம் அந்தப் பக்கம்தான்."

"அது என் வீட்டுக்காரர் கட்டின பாட்டு. பெர்லின்ல, எங்க சமையலறையில. நான்தான் முதல்ல பாடினேன்."

அவர் என்னைப் பரிவாகப் பார்த்தார். அந்த வருஷங்களில் ஜெர்மனியிலிருந்து வந்த பெண்களிடம் எல்லோரும் அப்படித்தான் பார்த்து, மெதுவாகப் பேசுவார்கள்.

"அம்மா, எங்க தாத்தா இதப் பாடி நான் சின்ன வயசுல கேட்டிருக்கேன். உங்க வீட்டுக்காரர் நல்லா அமைச்சிருப்பாரு. பாட்டு அவரோடது இல்ல."

"உங்க தாத்தா பாடியிருக்க முடியாது."

"வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க. நாளைக்கு உபவாசம் இருக்கு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெருவில் நின்று அழுதேன்.

அடுத்த வசந்தத்தில் புரூனோ ஸாடெக் வந்தான். அவனுடைய அண்ணன் லீட்ஸில் இருந்தார். பெரிய உடம்புக்காரனாக இருந்தவனுக்குச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. வாய் மட்டும் அப்படியே இருந்தது. தேநீரைக் குடித்துவிட்டு, "இந்த ஊர்ல டீயில பாலக் கலந்து ஏன் இப்படிக் கொல்றாங்க?" என்றான். பிறகு நான் கேட்காமலே சொன்னான். நாற்பத்து இரண்டு ஜனவரியில் இரண்டு பேரையும் ஒரே ரயிலில் கிழக்கே ரீகா முகாமுக்கு அனுப்பினார்கள். மரம் அறுக்கும் வேலை. லோதாரின் கை அதற்கு உதவவில்லை. ஒரு வருஷம் தாங்கினார். பிறகு விஷக்காய்ச்சல்.

"எந்த மாசம்?"

"பனி உருக ஆரம்பிச்சிருந்துச்சு. தேதியெல்லாம் அங்க யாருக்கும் தெரியாது."

நான் கெம்ப்னர் சொன்னதை அவனிடம் சொன்னேன். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அப்ப அது வாத்தியாரோடதா?"

"உனக்கே தெரியாதா?"

"அவரு சொல்லலியே. ரீகாவுல நாங்க அதப் பாடுவோம். ஒருத்தன் தன் ஊரு பாட்டுன்னான், இன்னொருத்தன் இல்ல போஸன்தான்னான், அடிதடியே வந்துடுச்சு. வாத்தியாரு படுக்கையிலேர்ந்து எந்திரிச்சு, 'போஸன்தான், எனக்கு நல்லாத் தெரியும்'னாரு. அப்புறம் அந்த ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வெச்சு, ஆளுக்கு ஒரு குரல் பிரிச்சுக் குடுத்துப் பாட வெச்சாரு." புரூனோ தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "இதக் கேட்டதுக்கப்புறம் எனக்கு அவர் மேல கோபமா வருது. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

எனக்கும் கோபம் வந்தது. அவர் எழுதிய மற்றவை ஒன்றும் மிஞ்சவில்லை. வீட்டைச் சீல் வைத்தவர்கள் காகிதங்களை என்ன செய்தார்கள் என்று தெரியாது, பிறகு அந்தத் தெருவே குண்டில் போய்விட்டது. மிஞ்சிய ஒன்றும் அவர் பெயரில் இல்லை.

அந்த வாரமே கெம்ப்னரிடம் போனேன். பாட்டைப் பற்றிப் பேசவில்லை. என் கணவர் இறந்துவிட்டார், அவருக்காக ஜெபம் சொல்ல வேண்டும் என்றேன். அவர் முகம் மாறிப்போய் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"எந்தத் தேதியில போனாரு?"

"தெரியாது. பனி உருகற நேரம்."

"அப்ப மார்ச்ல ஒரு நாள நாமளே வெச்சுக்கலாம், தப்பில்ல. எபிரேயப் பேரு என்னம்மா? அதையும் அப்பா பேரையும் சொல்லித்தான் ஜெபம் பண்ணணும்."

"தெரியாது. இருந்துச்சான்னே தெரியாது."

"அப்பா பேரு?"

"ஹுகோ."

கெம்ப்னர் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். இப்படி ஒரு பெயரை ஜெபத்தில் சொல்லலாமா என்று அவருக்குள்ளே ஏதோ வழக்கு நடந்திருக்க வேண்டும். பிறகு எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, எபிரேயத்தில் ஆரம்பித்தார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. நடுவில், அந்த அந்நிய வார்த்தைகளுக்கு இடையில், ஹுகோவின் மகன் லோதார் என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.