பச்சையாகத் தெரிந்த மேகம்

அப்பாவின் உதட்டை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய கைபேசி அதிர்ந்தது. வானிலை அலுவலகத்தில் அவளோடு வேலை பார்ப்பவன். விமானங்களுக்கு மேக எச்சரிக்கை கொடுப்பது அவர்கள் பிழைப்பு. லீவு போட்டவளை விட்டால்தானே!

"அக்கா, ரேடார்ல வெறும் பச்சைதான் காட்டுது. பயப்பட ஒண்ணுமில்லை மாதிரி இருக்கு. ஆனா ஒரு பைலட், கண்ணாடியில மழை அடிக்குதுங்கிறார்."

"அந்த உயரத்துல ஏதுடா மழை? பனித்தூளா இருக்கும். ரேடாருக்குச் சரியா சிக்காது, என்ஜினுக்குள்ள போய் உறையும். மேகத்தோட உச்சி எப்படி?"

"சேட்டிலைட் படத்துல பயங்கரக் குளிர், அவ்வளவு உசரம் வளர்ந்திருக்கு. எச்சரிக்கை போடவா? போன தடவை மாதிரி சும்மா பயமுறுத்தினோம்னு திட்டுவாங்க. அப்புறம்... உங்க தம்பி வர்ற விமானமும் அந்த வழிதான்கா. சுத்திவிட்டா நடுவுல எங்கயாவது இறங்கி எண்ணெய் போட்டுட்டுத்தான் வரணும்."

பொழுது சாயும்வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். பிள்ளை முகத்தைப் பார்க்கத்தான் மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தார். பச்சைதானே, போகட்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. பாவி மனசு!

"போடு," என்றாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். "வந்துட்டானா?"

"சுத்தி வரான்பா. வழி சரியில்லை. நான்தான் சுத்தச் சொன்னேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

காலமெல்லாம் பஸ் ஓட்டியவர் அவர். "லேட்டானா... திட்டுவாங்க," என்றார். "திட்டட்டும். வந்து சேரணும்."

சன்னல் வெயில் இறங்குவதற்குள் கால் சில்லிட்டது, மூச்சு அடங்கியது. இத்தனை மாதமாகப் பட்ட பாடு ஓய்ந்ததே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

சேதி கேட்டு ஓடிவந்த அப்பாவின் தங்கை மார்பில் அடித்துக்கொண்டாள். "பெத்த பிள்ளையைக் கண்ணால பார்க்கவிடாம எந்தப் படுபாவி விமானத்தைச் சுத்தவிட்டானோ, அவன் விளங்குவானா!"

அவள் போர்வையை மடித்தாள். மறுபடி கைபேசி.

"அக்கா, நாம சொல்றதுக்கு முன்னாடியே உள்ள போன சரக்கு விமானத்துல ஒரு என்ஜின் நின்னுடுச்சாம். கீழே வந்தப்புறம் திரும்ப ஓடியிருக்கு. பத்திரமா இறங்கிட்டாங்க."

"தம்பி?"

"எண்ணெய் போட்டுக்கிட்டிருக்காங்க. அந்தப் பக்கமே வரலை."

அந்தச் சொல் வயிற்றில் பால் வார்த்தது.

மறுநாள் காலையில் தம்பி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு கதறினான். "வானம் நல்லாத்தான்கா இருந்துச்சு. எதுக்குச் சுத்தினாங்கன்னே தெரியலை. அப்பா என்னைக் கேட்டாரா?"

"கேட்டாரு. சுத்தி வரான்னேன். வந்து சேரணும்னாரு."

அழுது ஓய்ந்தவன் சுவரில் சாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை.

"செத்த வீட்டுல இது என்ன தூக்கம்? எழுப்புடி."

"விடுங்க அத்தை. நல்லா தூங்கட்டும்."

அவள் குனிந்து அவன் காலுறையைக் கழற்றினாள். பாதம் வெதுவெதுப்பாக இருந்தது.