லண்டன் சிரிப்பு

நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் தனபாலுக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்பது அவரே பரப்பிய செய்தி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் லண்டன் வானொலி ஒருநாள் முழுக்க ஒலிபரப்பியதை யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அதைச் சத்தமாக வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார்.

நகைச்சுவை நாடகத்தில் கூட்டம் சிரித்தபோதெல்லாம் அவரும் சிரித்தார். பேச்சு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் மனைவி சௌந்திரம் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாளே!

பிற்பகலில் ஒருவர் கனத்த குரலில் தனியாகப் பேசினார். கூட்டம் சிரிக்கவில்லை. இது நுட்பமான நகைச்சுவை போலும் என்று முடிவுகட்டிய தனபால், தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

கல்லூரியில் படிக்கும் மகள் நித்யஸ்ரீ ஓடிவந்தாள். "ஏனுங்கப்பா சிரிக்கறீங்க? கடல்ல புயல் வருது, கப்பலெல்லாம் பத்திரமா இருங்கன்னு சொல்றாருங்க."

தனபால் சத்தத்தைக் குறைத்தார். "காலையிலிருந்தே எனக்கு ஒண்ணும் புரியல சாமி," என்றார்.

"அது எனக்கு அப்பவே தெரியுமுங்க," என்றாள் சௌந்திரம். "கூட்டம் சிரிச்சு முடிச்சதுக்கப்பறந்தானுங்களே நீங்க ஆரம்பிச்சீங்க!"

மூவரும் சிரித்தார்கள். அடுத்த நாடகத்தை நித்யஸ்ரீ வரிக்குவரி தமிழில் சொன்னாள். புரிந்தபிறகும் பாதி நகைச்சுவைக்குமேல் யாருக்கும் சிரிப்பே வரவில்லை. தனபாலுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.