கழுதைக்காரர்தான் கொலைகாரர்

செவ்வாய்க்கிழமை காலையில் அறிவிப்பு வந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் மெல்வின்தான் கொலைகாரர் என்று நாடு முடிவு கட்டிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், நாடு சொன்னது சரி.

மெல்வின் ஹார்கிரீவ் நடிகர். நான் அவருடைய ஏஜென்ட், கோலின். லீட்ஸில் ஒரு குதிரைப் பந்தயக் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிறேன். மெல்வின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் தெரியும். எந்தத் துப்பறியும் தொடரை எடுத்தாலும் முதல் காட்சியில் ஒருவர் பனிமூட்டத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பார். நாய் புதருக்குள் ஓடும். அவரும் பின்னால் போவார், பிணத்தைப் பார்ப்பார், வாயைப் பொத்திக்கொள்வார். அதோடு அவருக்கு வேலை முடிந்தது. அவர்தான் மெல்வின். வட இங்கிலாந்தில் இவரளவுக்குப் பிணம் கண்டுபிடித்தவர் போலீஸில்கூடக் கிடையாது.

அப்படிப்பட்டவருக்குத்தான் 'சதுப்புக் கரை' வந்தது. ஆறு வாரத் தொடர். கடலோர ஊரில் ஓட்டல் முதலாளியம்மா செத்துக் கிடக்கிறாள். விவாகரத்தான போலீஸ்காரர் வருகிறார். மெல்வினுக்குக் கடற்கரையில் குழந்தைகளைக் கழுதைச் சவாரி ஏற்றுகிற ஆர்தர் வேஷம். ஐந்து வாரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆறாவது வாரம் கழுதைக் கொட்டகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார். ஒன்பது நிமிஷம், குறுக்கே யாரும் பேசாமல்.

கதையைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"கோலின், இதுல நான் பேசுறேன்பா," என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒத்திகை. போலீஸ்காரராக எதிரில் உட்கார்ந்தது மனைவி பெவர்லி. குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டுச் சமையலறையில் ஓட்டல் முதலாளியம்மா தினம் ஒரு தடவை செத்தாள்.

அறிவிப்போடு ஒரு படம் வந்தது. நீளக் கோட்டு போட்ட போலீஸ்காரர், பின்னால் கலங்கிய கடல். கீழே ஐந்து நடிகர்களின் பெயரும் வேஷமும், ஐந்தாவது மெல்வின், கழுதைக்காரர். முதலில் வந்ததெல்லாம் வழக்கமான கமெண்டுகள். இன்னொரு சோகப் போலீஸா என்று ஒருவர். அந்தக் கடற்கரையில் உயிரோடு யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று இன்னொருவர். டி.வி. பார்ப்பதற்கென்று வருஷா வருஷம் கட்டுகிற லைசென்ஸ் பணம் இப்படிப் போகிறதே என்று நிறையப் பேர். கழுதைக்காகப் பார்ப்பேன் என்று ஒரு பெண்மணி.

பிறகு ஸ்விண்டனிலிருந்து ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் ஒருவர் எழுதினார்: "நாயைக் கூட்டிட்டுப் போற மனுஷன் பேரை எதுக்கு முக்கியமான அஞ்சு பேர்ல ஒண்ணா போடறாங்க? கழுதைக் கயிறைப் பிடிக்கவா? அவர்தான் பண்ணினார். நான் டீ போடப் போறேன்."

அவ்வளவுதான். ஆயிரக்கணக்கானவர்கள் அவருக்கு நன்றி சொன்னார்கள். அதே அளவு பேர் கதையைக் கெடுத்துவிட்டதாகத் திட்டினார்கள். திட்டியவர்களிலும் ஒருவர்கூட அது தப்பு என்று சொல்லவில்லை.

மெல்வினுக்கு முதலில் சந்தோஷம். கயிறு பிடிக்க மட்டும் தன்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று முன்பின் தெரியாத ஜனங்கள் நம்புகிறார்களே, இதைவிட ஒரு நடிகனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் போனை வைத்ததும் லண்டனிலிருந்து அடுத்த போன் வந்தது. தயாரிப்பாளர் சஸ்கியா பெம்பர்டன். எல்லோரையும் செல்லம் என்று கூப்பிடுகிறவர். வேலையை விட்டுத் தான் நீக்குகிற ஆட்களையும்.

"கோலின் செல்லம், ஊருக்கே தெரிஞ்ச கொலையை ஆறு வாரம் எப்படி இழுக்கிறது?"

கடைசி இரண்டு வாரக் கதை இன்னும் படம் பிடிக்கப்படவில்லை. மாற்ற முடியும் என்று எழுத்தாளர்கள் சொல்லிவிட்டார்களாம். ஆர்தருக்குப் பதிலாக, கடலில் சிக்கியவர்களை மீட்கிற படகின் கேப்டன் கொலைகாரனாகிவிடுவான். அந்த வேஷத்தில் நடிப்பது ஜைல்ஸ் ஃபான்ஷா. நல்ல உயரம், நல்ல பல். வெள்ளிக்கிழமை மாலை கூட்டத்தில் முடிவு செய்வார்கள். அப்படி மாறினால் ஆர்தர் ஐந்தாவது வாரத்தில் செத்துவிடுவார். இந்தத் தடவை மெல்வின் பிணத்தைக் கண்டுபிடிக்க வேண்டாம், அவரையே யாராவது கண்டுபிடிப்பார்கள்.

நேரில்தான் சொல்ல வேண்டும் என்று மெல்வின் இருக்கிற ஹாலிஃபாக்ஸுக்குப் போனேன். சமையலறையில் இருவரும் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஒன்பது நிமிஷத்தை யார் பேசுவது என்று பெவர்லி கேட்டாள். ஜைல்ஸ் என்றேன். மெல்வின் கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பையை எடுத்து மறுபடி கழுவினார்.

பெவர்லி பல் டாக்டர் ஒருவரின் வரவேற்பறையில் வேலை பார்ப்பவள். கத்துகிற ஆட்களை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவள். புதன்கிழமை 'கடற்காற்று' என்று ஒரு பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு இணையத்தில் இறங்கினாள். அந்த ஆளுக்கு நடிக்கவே வராது, ஒரு புருவம் மட்டும்தான் வேலை செய்யும், அவரை நம்பி யாராவது கொலையைக் கொடுப்பார்களா என்று எழுதினாள்.

ஜனங்களின் சந்தேகம் விலகினால் கதையை மாற்ற வேண்டாமே என்ற யோசனை நல்ல யோசனைதான். ஆனால் இந்த நாட்டில் ஒருவரைக் கீழே தள்ளினால் போதும், ஜனங்கள் அவர் பக்கம் போய் நின்றுகொள்வார்கள். கார்ன்வாலிலிருந்து ஒரு விதவை, மெல்வின் பாலத்தடியில் பிணம் பார்த்த காட்சிக்குத் தன் கணவர் அழுததைப் பற்றி நீளமாக எழுதினார். இவ்வளவு பெரிய நடிகரைக் கொலைகாரனாகப் போடாவிட்டால் லைசென்ஸ் கட்ட மாட்டேன் என்று முடித்திருந்தார். மாலைக்குள் அது சந்தேகம் என்ற நிலையைத் தாண்டிக் கோரிக்கை ஆகிவிட்டது.

"உனக்கு இவ்வளவு பேரு ரசிகரா இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதுப்பா," என்றாள் பெவர்லி.

"ஒரு புருவம்னு எழுதினியே, நிஜமாவா?"

உருளைக்கிழங்கு கொதிக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை உள்ளூர் ரேடியோவில் மெல்வினுக்கு ஒரு பேட்டி இருந்தது. ராட்சதக் காய்கறி வளர்க்கும் போட்டிக்குப் பரிசு கொடுக்கப் போவதற்காக எப்போதோ ஒத்துக்கொண்டது. தொடரைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்காதே என்று காரிலேயே சொன்னேன். 'பார்த்துத் தெரிஞ்சுக்குங்க' என்று சிரித்து நழுவுவதும் ஆபத்து. எந்த நடிகர் அப்படிச் சொன்னாலும் ஆமாம் என்றுதான் அர்த்தம் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மெல்வின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ரேடியோ நிலைய அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்தேன். டாரன் என்ற அறிவிப்பாளர் பூசணிக்காயின் எடை பற்றிக் கேட்டார், மெல்வின் சொன்னார்.

"தலைவரே, பூசணி கிடக்கட்டும். கொலையைப் பண்ணது நீங்கதானான்னு ஊரே கேக்குதே?"

"ஆமா," என்றார் மெல்வின்.

"ஆமாவா?"

"ஆமாப்பா. கழுதைக்குத் தண்ணி வைக்கிற இரும்பு வாளியால அடிச்சேன். ரெண்டாவது வாரம் அந்த வாளியைக் கழுவுவேன், கவனிச்சுப் பாருங்க. கடைசி வாரம் கொட்டகையில உக்காந்து ஒத்துக்குறேன். கொஞ்சம் அழுகையும் இருக்கு."

பூசணியின் எடையைச் சொன்ன அதே குரல். டாரன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெல்வின் சிரிக்கவில்லை. நிஜத்தைத்தான் சொல்கிறேன் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். டாரன் மைக்கை மூட வேண்டியதாயிற்று.

ஒப்பந்தத்தில் ரகசியத்துக்கென்றே தனியாக ஒரு பகுதி உண்டு. கட்டிய மனைவியிடம்கூடக் கதையைச் சொல்லக்கூடாது. சொன்னால் வீட்டை விற்றுத்தான் நஷ்டஈடு கட்ட வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே மனசுக்குள் அவர் வீட்டை விற்றேன். தோட்டம் இருப்பதால் கொஞ்சம் கூடப் போகும்.

கார் கதவைச் சாத்தியதும், ஏனப்பா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"இவங்க கொலையையே கதையாப் பாத்துப் பழகினவங்க கோலின். பொய் சொன்னா கண்டுபிடிப்பாங்க. நழுவினா கண்டுபிடிப்பாங்க. நேராச் சொன்னா மட்டும் நம்ப மாட்டாங்க."

அன்று மதியமே ரேடியோத் துண்டு ஊரெல்லாம் சுற்றியது. என்ன அருமையான மனுஷன் என்றார்கள். வாளியாம், கழுதையாம், எங்கிருந்துதான் யோசிக்கிறாரோ என்றார்கள். நிஜமாகவே கொலைகாரன் என்றால் வாயைத் திறக்க விடுவார்களா, ஆகவே இவர் இல்லை என்று தீர்ந்துவிட்டது. அப்படியானால் வேறு யார்? மாலையில் ஜைல்ஸ் ஃபான்ஷா பெரிய டி.வி. நிகழ்ச்சி ஒன்றில் சோபாவில் சாய்ந்துகொண்டு, நீங்கள்தான் கொலைகாரனா என்று கேட்டதற்கு எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துவிட்டு, "நீங்களே பாத்துத் தெரிஞ்சுக்குங்க," என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஜனங்கள் படகுக் கேப்டன்தான் கொலைகாரன் என்று தூக்கில் போட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்து சஸ்கியா கூப்பிட்டார். அவர் குரலில் செல்லம் இல்லை.

"வக்கீலுங்க நோட்டீஸ் அடிச்சு வெச்சுட்டாங்க. அனுப்பினா அவர் சொன்னது நிஜம்னு ஆயிடும். அனுப்ப முடியல."

அப்படியானால் அந்த ஒன்பது நிமிஷம் என்று கேட்டேன்.

"அவருக்குத்தான். ஒண்ணே ஒண்ணு. அடுத்த வாரம் தேசிய ரேடியோவுல கூப்பிடறாங்க. அங்கயும் இதையே சொல்லச் சொல்லுங்க."

சொன்னார். அங்கேயும் சிரித்தார்கள்.

இலையுதிர்காலத்தில் தொடர் ஓடி முடிந்ததும் வந்த புகார்கள் வேறு ரகம். அந்த ஆள் உண்மையைச் சொல்லி எங்களை ஏமாற்றிவிட்டார் என்று மூட்டை மூட்டையாக எழுதியிருந்தார்கள். வேண்டுமென்றே உண்மை பேசுவதை விசாரிக்க ஏதாவது அமைப்பு உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். மெல்வின் எதையும் படிக்கவில்லை. அவருக்கு வேண்டியது முந்தின நாளே கிடைத்துவிட்டது.

அந்த முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, கடைசி வாரத்தை அவர்கள் வீட்டில்தான் பார்த்தோம். அவர்கள் இருவரும் சோபாவில், நான் ஓரத்து நாற்காலியில். டி.வி.யில் கொட்டகை வந்தது. ஆர்தர் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அந்தப் பேச்சில் பெவர்லிக்குத் தெரியாத ஒரு சொல் கிடையாது. குளிர்காலம் முழுக்க எதிரில் உட்கார்ந்து கேட்டவள். ஆர்தர் வாளியைத் தூக்கிய இடம் வந்தபோது அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தன்னையறியாமல் மெல்வினை விட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள்.

மெல்வின் அந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தார். அசையவில்லை. மிச்சமிருந்த நிமிஷங்களை அவர் டி.வி.யில் பார்க்கவேயில்லை.