ஒரு மணி நேரக் கணக்கு

தம்பியைத் தூக்கிச் சவப்பெட்டிக்குள் வைத்தபோது காலடியில் ஒரு சாண் மிச்சம் இருந்தது. பெட்டிக்காரர் கொண்டுவந்ததே சின்னப் பிள்ளைகளுக்கான பெட்டி. தம்பிக்கு இருபத்திரண்டு வயது. "சரியா இருக்கு" என்று அப்பா தலையாட்டினார், சட்டை எடுக்க வந்தவர் மாதிரி. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெறும் சளி. மற்றவர்கள் இரண்டு நாள் மூக்கைச் சிந்திவிட்டு வேலைக்குப் போன சளி, இவனை ஒன்பதாம் நாள் கொண்டுபோய்விட்டது. தைராய்டு சுரப்பி பிறந்ததிலிருந்தே பெயருக்குத்தான் இருந்தது; உடம்பு வளராமல் நின்றுபோனது அதனால்தான். நோயை எதிர்க்கும் சக்தி பெயருக்குக்கூட இல்லை. கர்ப்பமாக இருந்தபோது அம்மா எங்கே வேலை பார்த்தார் என்று டாக்டர் கேட்டதற்கு, அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். வீட்டில்தான் இருந்தாளாம்.

வீட்டிலா? அப்பா பூப்பண்ணையில் மருந்தடிப்பவர். அடித்தபின் மூன்று நாள் கழித்துத்தான் பசுமைக்குடிலுக்குள் போக வேண்டும் என்று பூச்சிமருந்து டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கொஞ்சமாக அடித்தால் ஒரு மணி நேரமே போதும் என்று இந்த மேதை தானாக ஒரு கணக்குக் கண்டுபிடித்தார். பண்ணை முதலாளிக்கு வாயெல்லாம் பல். அதை நம்பித்தான், தம்பியைச் சுமந்த மாதமெல்லாம் அம்மா ஈரம் காயாத செடிகளுக்கு நடுவே நின்று மொட்டுக் கிள்ளினாள். அக்கா பிறந்தது அப்பா அந்த வேலைக்குப் போவதற்கு முன்பு. அவள் நன்றாகவே வளர்ந்தாள்.

அக்காதான் பிறகு டாக்டரைத் தனியாகப் பார்த்து உண்மையைச் சொன்னாள். இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் வயிற்றில் வளரும் பிள்ளைக்குத் ஒரு துளி மருந்துகூட அதிகம்தான் என்றார் அவர். அக்காவுக்கு இப்போது நான்காம் மாதம். வேலை அதே பண்ணையில்.

பண்ணை மேற்பார்வையாளர் மலர்வளையத்தோடு வந்தார். ஒரு பூச்சி வாய் வைக்காத பூக்கள். அப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மகள் திங்கட்கிழமை வந்துவிடுவாள், மொட்டுக் கிள்ளும் வேலையாகக் கொடுங்கள் என்றார்.

"கொஞ்சமா அடிச்சா ஒண்ணும் ஆகாதுங்க. நான் இருக்கேன்ல, பாத்துக்குவேன்."

மேற்பார்வையாளர் பெரிய மனதோடு சம்மதித்தார்.

"இவனையும் நீங்கதானேப்பா பாத்துக்கிட்டீங்க?" என்றாள் அக்கா.

இதெல்லாம் பேசுகிற நேரமா என்று அப்பா முணுமுணுத்தார். முகத்தில் வெட்கம்கூட இல்லை. இவர்மேல் கோபப்படுவதே வீண் என்று அவளுக்குத் தோன்றியது.

அம்மா எழுந்து வந்தாள். இத்தனை வருடமாக அந்தக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள்.

"உன் பண்ணை அட்டை எங்க? எடு."

அக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நுழைவாயிலில் காட்டும் அட்டை. அம்மா அதைத் தம்பியின் கைக்குள் வைத்தாள்.

"அது திங்கக்கிழமை வேணும்" என்றார் அப்பா.

அம்மா தம்பியின் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடித்துவைத்தாள்.