தூங்க விடும் கல்லூரி

கல்லூரி விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது: வலிப்பு, மயக்கம், மனநோய் ஏதேனும் உண்டா? தெய்வநாயகி மகளின் கையிலிருந்து பேனாவை வாங்கி, தானே ‘இல்லை’ என்று எழுதினாள்.

“அம்மா, அது பொய்.”

“பத்து மாசமா வரல இல்ல? வராத வியாதிய எதுக்கு எழுதணும்? இந்த டவுன்ஷிப்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும், பஸ்ஸுல ஏர்றதுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.”

சஹானாவுக்கு அப்போது பதினெட்டு வயது. 2006 ஜூன் மாதம். பதினான்கு வயதில் முதல் வலிப்பு வந்தது. காலையும் மாலையும் மாத்திரை. தூக்கம் கெட்டால் மறுபடி வரும் என்று சென்னை நரம்பு டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். வீட்டில் மூன்று பேரையும் அந்த டாக்டரையும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.

அவள் படிக்க விரும்பியது பாத மருத்துவம். அப்பா ஜானகிராமன் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன், சர்க்கரைக்காரர். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஷூவுக்குள் கிடந்த ஒரு சிறு கல்லை உணராமல் நாள் முழுக்க நடந்தார். அது புண்ணாகி, சீழ் வைத்து, வலது கால் பெருவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு சென்னையில் ஒரு பெண், மெல்லிய நைலான் இழை ஒன்றை அவர் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டுத் தொட்டு, எங்கே உணர்ச்சி இல்லை என்று குறித்துக்கொண்டதை சஹானா பக்கத்தில் நின்று பார்த்தாள். இந்த வேலை எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

விசாரித்ததில் இரண்டு இடங்கள் தெரியவந்தன. மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய தனியார் கல்லூரியில் நான்கு வருடப் பட்டம். விடுதியில்தான் தங்க வேண்டும். செங்கல்பட்டில் ஒரு சின்ன சர்க்கரை நோய் மருத்துவமனையில் இரண்டு வருட டிப்ளமோ. அப்பாவுக்குப் பட்டம்தான் படிப்பு.

வெள்ளிக்கிழமை அப்பாவும் மகளும் கடற்கரைக் கல்லூரியைப் பார்க்கப் போனார்கள். ஏழு மாடிக் கட்டிடம், கண்ணாடிக் கதவு, சோதனைக்கூடத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் கால்கள். ஜானகிராமன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, “எப்படி வெச்சிருக்கான் பாரு” என்று பூரித்துப்போனார். திங்கட்கிழமைக்குள் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட வேண்டும், படிப்பு முடியும்வரை திருப்பித் தர மாட்டோம் என்றார்கள். அவர் தலையாட்டினார்.

விடுதிக்குள் ஆண்களை விடவில்லை. வார்டன் விஜயகுமாரி சஹானாவை மட்டும் நான்காவது மாடிக்கு அழைத்துப்போனாள். அறைக்கு நான்கு பேர், இரண்டடுக்குக் கட்டில்கள். “மேல் கட்டில் ஃபர்ஸ்ட் இயருக்கு. படிப்பு நேரம் பன்னெண்டு வரைக்கும். காலைல நாலரைக்கு பெல். வாரத்துல ரெண்டு நாள் வார்டுல நைட் டியூட்டி. இங்க சேர்ந்தவங்க தூக்கத்த மறந்துடணும்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

சஹானா மேல் கட்டிலைப் பார்த்தாள். ஓரத்தில் தடுப்பு இல்லை. கீழே சிமெண்ட் தரை. குளியலறைக் கதவில் கனமான இரும்புத் தாழ்ப்பாள். உள்ளே விழுந்தால் கதவை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். வீட்டில் அவள் குளிக்கும்போது தாழ்ப்பாள் போடுவதில்லை. அம்மா வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள்.

வார்டனை யாரோ கூப்பிட, அவள் போனாள். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவி கிட்டே வந்தாள். மதுராந்தகத்துப் பெண், பெயர் கண்ணகி.

“இன்னா, இங்க சேரப் போறியா?”

“பார்க்க வந்தேன். உடம்பு சரியில்லன்னா லீவு குடுப்பாங்களா?”

கண்ணகி கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். “ஒடம்பு சரியில்லன்னு மட்டும் வாயத் தொறக்காத. போன வருசம் ஒரு பொண்ணு பிரேயர்ல கீய வியுந்து இஸ்துக்கிச்சு. பேயின்னாங்கோ, ஆக்டிங்குன்னாங்கோ. ஒரே வாரத்துல பொட்டி கட்டி அனுப்பிட்டாங்கோ. செர்டிபிகேட்டு இன்னும் கைக்கு வரலியாம், அவங்கப்பா அலஞ்சிகினு கீறாரு.”

சஹானா படியிறங்கியபோது கைப்பிடிச் சுவரை விடவே இல்லை.

பஸ் நிறுத்தத்தில் அப்பாவிடம் சொன்னாள். “அங்க எனக்கு வந்துடும்பா. நிச்சயமா வந்துடும்.”

“மாத்திரை போடுறேல்ல? பயந்தா எதுவும் படிக்க முடியாது.”

“செங்கல்பட்டையும் ஒரு தடவை பார்ப்போம்பா.”

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே, “பார்க்கிறதுக்கு என்ன, பார்ப்போம்” என்றார். குரலில் விருப்பம் இல்லை.

வெள்ளி இரவும் சனி இரவும் ஞாயிறு இரவும் அவள் சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த மேல் கட்டில் வந்தது. தூங்காததால் வந்துவிடுமோ என்று பயந்தாள். அந்தப் பயத்திலேயே வந்த தூக்கமும் போனது. அம்மாவிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போனார்கள். அங்கே முடித்துக்கொண்டு நேரே கடற்கரைக் கல்லூரிக்குப் போவதாக ஏற்பாடு. சான்றிதழ்கள் அப்பாவின் பையில் இருந்தன.

மருத்துவமனை பழைய கட்டிடம். பாதப் பிரிவு என்பது இரண்டே அறைகள். மாணவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். பாடம் நடத்தும் ஜெஸ்ஸி மேடம் முப்பத்தைந்து வயதுக்காரி, அதிகம் பேசாதவள். கையுறையைக் கழற்றாமலே, “ஓரமா நின்னு பாருங்க” என்றாள்.

நாற்காலியில் மணி என்கிற லாரி டிரைவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். உள்ளங்காலில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு குழி. ஜெஸ்ஸி அதைச் சுற்றியிருந்த தடித்த தோலைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, அப்டி பாக்குற? எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆணி ஏறினதே மூணு நாளு கயிச்சு செருப்பு ஒட்டிக்கினப்பதான் தெரிஞ்சிது” என்றார் மணி.

சஹானா சிரிக்க நினைத்தாள். அப்போதுதான் இடது கட்டைவிரல் தானாக உள்ளே இழுத்தது. ரப்பர் கருகுகிற வாசனை மூக்கில் ஏறியது. அங்கே எதுவும் கருகவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

முன்பெல்லாம் இந்த வாசனை வந்தால் பள்ளியில் கழிப்பறைக்கு ஓடுவாள். இப்போதும் கண் கதவைத் தேடியது. வாசலில் அப்பா பையை அணைத்தபடி நின்றிருந்தார். கால் நகரவில்லை. எல்லாரும் பார்க்கப்போகிறார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். ஆனால் வாய் திறந்தது.

“மேடம், எனக்கு ஃபிட்ஸ் வரப் போகுது.”

முன்பின் தெரியாத ஒருவரிடம் அவள் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு நடந்தது அவளுக்குத் தெரியாது.

கண் திறந்தபோது தரையில் இடப்பக்கமாகப் படுத்திருந்தாள். தலைக்கடியில் மணியின் துண்டை மடித்து வைத்திருந்தார்கள். நாக்கு கடிபட்டு வாய் உப்புக் கரித்தது. முதலில் பாவாடையைத் தடவிப் பார்த்தாள். நனையவில்லை.

“உன் பேர் என்ன?” என்றாள் பக்கத்தில் மண்டியிட்டிருந்த ஜெஸ்ஸி.

“சஹானா.”

“ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட். எப்பவும் அவ்வளவுதானா?”

டாக்டரைத் தவிர வேறு யாரும் இதுவரை அவளிடம் அதைக் கேட்டதில்லை. மணி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, “அந்த வாட்ச்மேன் சாவிய எடுத்துகினு ஓடியாந்தான். மேடம் ஒரு சவுண்டு வுட்டாங்கோ பாரு, அப்டியே நின்னுட்டான்” என்றார்.

ஜானகிராமன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. மகளுக்கு வலிப்பு வருவதை வெளியாட்கள் நடுவில் அவர் பார்த்ததில்லை.

“எனக்கு சீட் கிடைக்காதுல்ல?” என்றாள் சஹானா.

ஜெஸ்ஸி ஆறுதல் சொல்லவில்லை. “நான் முடிவு பண்றதில்ல, பெரிய டாக்டர் பண்ணணும். உன் டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வா. கத்தி பிடிக்கிற வேலை இது, அவர் யோசிப்பார். எத்தனை நாளா தூங்கல?”

“மூணு நாள்.”

“இங்க நைட் டியூட்டி ரெண்டாம் வருஷம்தான். அதையும் மாத்திக்கலாம். ஹாஸ்டல் கிடையாது, தினம் பஸ்ஸுல வரணும். அதையும் யோசிச்சுக்கோ.”

வெளியே வந்தபோது நேரம் பன்னிரண்டரை. இப்போது கிளம்பினால் கடற்கரைக் கல்லூரிக்குப் போய்விடலாம். பஸ் நிலையத்தில் மாமல்லபுரம் பஸ் நின்றிருந்தது. ஜானகிராமன் அதன் படிவரை போனார். சஹானா கீழேயே நின்றாள். உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி வலித்தது. கண்டக்டர் விசில் ஊதினான். அவர் ஏறவில்லை.

“டாக்டர்கிட்டயே போயிடலாம், வா” என்றார்.

அன்று மாலை தெய்வநாயகி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. “ரெண்டும் போச்சு. சீட்டும் போச்சு, மானமும் போச்சு” என்று உள்ளேயிருந்து அழுதாள். டாக்டர் கொடுத்த கடிதத்தையும் விண்ணப்பத்தையும் மறுநாள் அப்பா செங்கல்பட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த பதினோரு நாட்கள் தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டத்தையும் விட்டு, டிப்ளமோவும் கிடைக்காமல் வீட்டிலேயே உட்காரப் போகிறோம் என்று சஹானா நினைத்தாள். அம்மா சொன்னபடி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்றும் நினைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் செங்கல்பட்டிலிருந்து கடிதம் வந்தது. இடம் உண்டு; ஆனால் ஆறு மாதம் வலிப்பு இல்லாமல் இருந்தால்தான் கத்தியைத் தொடலாம்; அதுவரை பரிசோதனை, கட்டுப் போடுவது, செருப்பு அளவெடுப்பது. கூடப் படிப்பவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதை அவளே சொல்ல வேண்டும்.

முதல் நாள் பன்னிரண்டு பேருக்கு முன்னால் எழுந்து நின்று சொன்னாள். கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஒரு பெண் மறுநாள் வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள். பரணிதரன் என்கிற பையன், “வந்தா நான் இன்னா பண்ணணும்னு சொல்லு” என்று நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டான்.

தெய்வநாயகி ஆகஸ்ட் வரை தினமும் கூடவே பஸ்ஸில் வந்து, மருத்துவமனை வராந்தாவில் மாலைவரை உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை டிபன் பாக்ஸை மட்டும் கையில் கொடுத்து, “போயிட்டு வா” என்றாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை சஹானா இடது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு போனாள். அது அசையவில்லை. இறங்கும் இடம் வருவதற்கு முன்பே ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள். செங்கல்பட்டு வந்ததும் கண்டக்டர்தான் தட்டி எழுப்பினான்.