உறைந்த கல்லின் ஓசை

வலது தோளுக்குள் யாரோ ஆப்பு இறக்குவதுபோல வலித்தது. கடப்பாரையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பாறை முகப்பின் அடியில் நின்றான். உறைபனி விழும் அந்த மலைக் குவாரியில் அவனுக்குப் பட்டப்பெயர் 'காது'. காலையில் ஆட்கள் இறங்குமுன் பாறையைத் தட்டி, ஓசை கேட்டு, போகலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். அவனும் ஒரு பெரியவரும் முறை வைத்துச் செய்யும் வேலை அது. கிண்ணென்றால் நல்ல கல். டொப்பென்றால் உள்ளே விரிசல்.

முந்தாநாள் கிண்ணென்றுதான் ஒலித்தது. போகலாம் என்றான். வெயில் ஏறியதும் ஒரு பாளம் பெயர்ந்து அக்கா வீட்டுக்காரரின் காலில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து அவனுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. மழையில் ஊறிய கல் அது. விரிசலுக்குள் இறங்கிய தண்ணீர் இரவில் உறைந்து, விரிசலை அகலமாக்கி, அதே பனிக்கட்டியால் இரண்டு பக்கத்தையும் ஒட்டிப் பிடித்திருந்தது. அவனுக்குத் தெரியாததா? காதை நம்பினான். கல்லைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"என்னப்பா, கல்லு என்ன சொல்லுது?" என்றார் மேஸ்திரி.

"கிண்ணுனுதான் சொல்லுது."

"அப்புறம் என்ன?"

"உறைஞ்சிருக்கு மேஸ்திரி. இப்ப எல்லாக் கல்லும் நல்ல கல்லுதான். வெயில் வரட்டும்."

பின்னால் துளை போடும் எந்திரத்தோடு நின்ற துளைக்காரன் சிரித்தான். "காதுக்குக் குளிர் அடைச்சுக்கிச்சு. ஒரு மஃப்ளர் வாங்கிக் குடுங்கய்யா!"

"லாரி வந்து நிக்குது. டிரைவர்கிட்ட நீ பேசுறியா?" என்றார் மேஸ்திரி.

"பேசுறேன்."

உட்கார்ந்தார்கள். வெயில் மெல்ல முகப்பில் இறங்கியது. கல்லுக்கு வேர்ப்பதுபோல ஈரம் கசிந்தது. எழுந்துபோய் அதே இடத்தில் தட்டினான். டொப். துளைக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். தான் சொன்னது சரியாகப் போனதில் காதுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

போன் அடித்தது. அக்கா.

"தம்பி, அன்னைக்குத் தட்டிப் பாத்தது யாருடா? உன் முறையா, அந்தப் பெரியவர் முறையா? உங்க மச்சான்கிட்ட கேட்டா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறாரு."

"சாயங்காலம் வரேன்க்கா" என்று வைத்துவிட்டான்.

விரிசலிலிருந்து ஒரு சொட்டு அவன் புறங்கையில் விழுந்து, விரலிடுக்கில் வழிந்து போயிற்று. சில்லென்றுகூட அவனுக்கு உறைக்கவில்லை. அக்காவுக்கு ஒரு பதில் பாக்கி இருந்தது: என் முறைதான்.